அரைப்பேர் போட்ட முதலாளி

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் ஓடும். வாய் களைத்ததும் கால் ஓடும். இரண்டுக்கும் நடுவில் மூளை என்று ஒன்று வந்து தடுத்ததாக ஞாபகம் இல்லை. ஹட்டன் பக்கத்தில் என்னை வேடிக்கைக்காரன் என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டிலும் சரி, கருமாதி வீட்டிலும் சரி, என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்றைக்கு யார் தலை உருளப்போகிறது என்று கேட்பார்கள். இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருடைய தலையை உருட்டியிருக்கிறேன். என் தலை உருள வேண்டிய கதை ஒன்றை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. என்னிடம் இரண்டு லொறிகள் இருந்தன. இரண்டும் எனக்குச் சொந்தம் என்று கதவில் எழுதியிருந்தது. உண்மையில் முன் டயர்கள்தான் என்னுடையவை, மிச்சமெல்லாம் லீசிங் கம்பெனியுடையது. எங்கள் நாட்டில் லொறியின் இடது பக்கக் கதவில் சொந்தக்காரனின் பெயரும் ஊரும் எழுதியிருக்க வேண்டும். நான் சட்டம் கேட்டதைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், சிங்களத்திலும் இங்கிலீஷிலும், மஞ்சள் பெயின்டில் எழுதி வைத்திருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுடைய பெயர் வாரத்துக்கு மூன்று தரம் கொழும்புக்குப் போய் வருகிறதே என்று பெருமை. அந்தக் கதவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திம்புள்ளப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தேயிலைத்தூள் மூட்டைகளை ஏற்றி, கினிகத்தேனை வழியாக இறங்கி, கொழும்புக் களஞ்சியங்களில் கொண்டுபோய் இறக்குவது எங்கள் வேலை. இரண்டு லொறிக்கும் இரண்டு டிரைவர்கள். ஒருவர் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் லொறி வாங்கும் வரைக்கும் என்னைத் தம்பி என்றவர், சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து மொதலாளி என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். ஒரே தரம்தான். கேட்பதற்கு நன்றாக இருந்தது.

மற்றவர் கினிகத்தேனைச் சிங்களவர். இருபத்தெட்டு வயது. கடைத்தெருவில் வளர்ந்ததால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

ஆரம்பத்தில் இருவருக்கும் மாதச் சம்பளம். லொறி ஓடினாலும் அதேதான், ஓடாவிட்டாலும் அதேதான். ஒரு மாதம் லீசிங் காசு பிந்தியதும் போன் வந்தது. லீசிங் கம்பெனியிலிருந்து போன் வந்தால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். அன்றைக்குச் செருப்பையும் கழற்றிவிட்டேன் என்று என் மனைவி இன்றுவரைக்கும் சாதிக்கிறாள்.

மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடு என்றார்கள் மற்ற லொறி முதலாளிகள். ஆனால் மலையில் ட்ரிப் என்பது டிரைவர் கையில் இருக்கிற விஷயம் இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டிக் கொழுந்து கருகினால் தொழிற்சாலை வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடக்கும். ட்ரிப் காசை மட்டும் நம்பிய டிரைவர் அந்த மாதங்களில் வீட்டுக்கு எதைக் கொண்டுபோவார்? இரண்டு நாள் இதையே யோசித்தேன். கடைசியில், லொறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறைந்த மாதச் சம்பளம் ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் ஒரு தொகை என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நியாயமான முடிவுகள் இரண்டு. ஒன்று கல்யாணம், மற்றது இது. அங்கேயே பேனாவை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை.

மூடவில்லை. கொழும்புக் களஞ்சியத்தில் நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிந்திப் போனால் லொறி தெருவில் கிடந்து மறுநாள்தான் இறக்க முடியும். எனக்கு ஒரு நாள் ஓட்டம் போய்விடும். இதை நினைத்ததும் பயம் வந்தது. அன்றைக்கு வாய்க்குப் பதிலாகப் பேனா ஓடியது. அன்றைக்கே இறக்கினால் ட்ரிப் காசு முழுசு, மறுநாள் இறக்கினால் பாதி. கோடு போட்ட தாளில் எழுதி, கீழே கையெழுத்து வைத்து, லொறி நிறுத்தும் கொட்டகையில் ஒட்டினேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் முத்திரையும் குத்தினேன். முத்திரையைச் செய்வித்த நாளிலிருந்து அதற்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

கினிகத்தேனைக்காரர் வாசித்துவிட்டுச் சின்னதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"பிந்தினா அரைப்பேருங்களா மொதலாளி?"

தோட்டத்துக்கு வெளியில் இருப்பவர்களுக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியாது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய் நின்று, மலை ஏறி, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும், தோட்டம் சொன்ன கிலோ வராவிட்டால் கணக்குப்பிள்ளை அன்றைக்குப் பாதி நாள் சம்பளம்தான் போடுவார். அதுதான் அரைப்பேர். மழை கொட்டியது, அந்த மலையில் கொழுந்தே இல்லை என்பதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போடுவார். தராசில் கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள். ஒரு நாள் என் அம்மா அரைக் கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் வாங்கிக்கொண்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, கணக்குப்பிள்ளை மாதிரி நடந்து காட்டி அவளைச் சிரிக்க வைத்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். நான் செய்த முதல் வேடிக்கை அதுதான்.

ஆக, அண்ணன் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியதால் பலமாகச் சிரித்தேன்.

"சேச்சே. அது தோட்டம். இது கம்பெனி அண்ணே."

இரண்டு லொறியும் ஒரு ரப்பர் முத்திரையும் உள்ள கம்பெனி.

மூன்று மாதம் ஓடியது. கினிகத்தேனைக்காரருக்கு எல்லா ட்ரிப்பும் முழுசு. அண்ணனுக்கு மாதத்துக்கு மூன்று நாலு பாதி விழுந்தது. ஒரே பாதை, ஒரே பாரம், ஒரே நேரத்தில்தான் இரண்டு லொறியும் ஹட்டனைவிட்டுக் கிளம்பும். அண்ணனுடைய லொறி மற்றதைவிட நல்ல லொறிகூட.

காரணம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். யுத்த காலம். கொழும்புக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடிகள் இருந்தன. நானே பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் தெரியும். ஆனால் தெரியும் என்று ஒப்புக்கொண்டால் கொட்டகையில் ஒட்டிய தாளைக் கிழிக்க வேண்டும். தாளைக் கிழித்தால் லீசிங்காரர் போன் பண்ணுவார். அதனால் அண்ணன் வழியில் கித்துல்கலவில் ஆற்றோரம் லொறியைப் போட்டுத் தூங்குகிறார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"அவர்கிட்டயே கேளுங்களேன்" என்றாள் மனைவி. "வாய் இல்லாத மனுஷனா நீங்க?"

கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டேன். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் லொறிக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும், உங்களோடேயே வருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லி, ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற லொறி ஓடாத ஒரு நாளில் காலை ஆறு மணிக்கு ஏறி உட்கார்ந்தேன். அவர் சீட்டைத் துடைத்துவிட்டார்.

கினிகத்தேனையில் லொறியை ஓரம் கட்டினார். வளைவு வளைவாக இறங்கி வந்ததில் பிரேக் சூடாகியிருக்கும், ஆறட்டும் என்றார். 'கினிகத்தேனை, பிளேன்டீ, பதினொரு நிமிடம்' என்று கொப்பியில் எழுதினேன். அதில் நாலு நிமிடம் நான் தின்ற இரண்டாவது வடைக்குப் போனது. காசை அவர்தான் கொடுத்தார். கித்துல்கலவில் ஆற்றோரத்தை நான் ஆவலோடு பார்த்தேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவிசாவளை தாண்டும்போது பத்தரை மணிகூட ஆகவில்லை. கொப்பியில் எனக்கு உபயோகமாக ஒன்றுமே இல்லை. இந்த மனிதர் இன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக ஓட்டுகிறாரே என்று எரிச்சல் வந்தது.

அதற்குக் கொஞ்ச தூரம் கீழே சாவடி. மண் மூட்டைகள், தார்ப் பீப்பாய்கள், எதிர்ப் பக்கத்தில் ஒரு செவ்விளநீர்க் கடை, பஸ் தரிப்பிடம். எங்களுக்கு முன்னால் போன லொறிக்குக் கை காட்டினார்கள், அது போய்விட்டது. எங்களுக்குக் கையைத் தூக்கினார்கள்.

அண்ணன் இஞ்சினை நிறுத்தினார். சட்டையைச் சரி செய்தார். அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். பல தரம் செய்து பழகிய வேலை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவருடைய அட்டை பழையது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பிரிந்து, உள்ளே ஈரம் போய், நம்பரில் பாதி கரைந்திருந்தது. புதிது எடுக்க இரண்டு நாள் லீவு வேண்டும் என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டிருந்தார். அடுத்த மாதம் பார்ப்போம் அண்ணே என்று இரண்டு தரமும் சொன்னவன் நான்.

காவலுக்கு நின்ற சிப்பாய் சின்ன வயதுக்காரர். வெயிலில் முகம் கறுத்திருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். நம்பர் விளங்கவில்லை, பெரிய அதிகாரி வந்துதான் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் லொறி நிற்கட்டும் என்றார். பிறகு இடது பக்கம் வந்தார். நானும் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு நின்றேன். என் அட்டையைக் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிக்கொண்டே, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

"நே, மஹத்தயா" என்றேன். இல்லை, ஐயா.

அதோடு விட்டிருந்தால் வாய் தவறிவிட்டது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். என் வாய் ஓட ஆரம்பித்தால் நிற்காது. ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன், பஸ் பிந்தியது, இந்த லொறி வந்தது, கை காட்டினேன், ஏற்றிக்கொண்டார், முன்பின் பார்த்ததில்லை, நல்ல மனிதர் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் எனக்கு எப்படித் தெரியும். என் வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி நான் சிங்களம் பேசியதே இல்லை. ஒரு பிழை இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிங்களம் படிப்பித்த வாத்தியார் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் நான் எங்கே சாய்ந்து நிற்கிறேன் என்பது உறைத்தது. முதுகுக்குப் பின்னால் கதவு. கதவில் என் பெயர். சிப்பாயின் கையில் இருந்த அட்டையிலும் அதே பெயர். மெதுவாக இடது பக்கம் நகர்ந்தேன். அப்படி நகர்ந்தால் முதல் எழுத்துகள் தெரிந்தன. வலது பக்கம் நகர்ந்தேன், ஊர் தெரிந்தது. கைகளை அகட்டி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சட்டம் கேட்ட அளவில் எழுதியிருந்தால் என் முதுகே போதுமாக இருந்திருக்கும். சிப்பாய் அட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசித்தாரா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அப்படியென்றால் பஸ்ஸில் போங்கள் என்று தரிப்பிடத்தைக் காட்டினார்.

அண்ணன் ஐந்தடி தூரத்தில் முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். அந்தக் கதவை ஒரு விரலால் காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை. லொறியில் ஏறி, சீட்டில் கிடந்த என் பையை எடுத்து வந்து நீட்டினார்.

"உங்க பேக்குங்க."

மொதலாளி என்ற சொல் அதில் இல்லை.

பஸ் உடனே வந்தது. வராமல் இருந்திருக்கலாம். வந்ததால் ஏறினேன். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவர் ஒரு பீப்பாயின் நிழலில் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். கொப்பியில் எதுவும் எழுதவில்லை. பஞ்சிகாவத்தைக்குப் போய், போனதற்கு அடையாளமாக ஒரு சாமான் வாங்கினேன். அது என் இரண்டு லொறிகளுக்குமே பொருந்தாத சாமான் என்று பிறகு தெரிந்தது. தனியாகப் பஸ்ஸில் திரும்பியதற்கு வீட்டில் வயிற்றுவலி என்று சொன்னேன். மனைவி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். இல்லாத வயிற்றுவலிக்கு மூன்று நாள் குடித்தேன்.

அண்ணன் மறுநாள் பின்னேரம் வந்து சேர்ந்தார். மூன்று மணிக்குத்தான் போகவிட்டார்களாம். நாலேகாலுக்குக் களஞ்சியத்துக்குப் போயிருக்கிறார், கேட் பூட்டியாகிவிட்டது. சாவியையும் களஞ்சியத்தில் தந்த ரசீதுத் துண்டையும் மேசையில் வைத்தார். வயிறு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வீட்டில் சொன்னார்களாம்.

மாதக் கடைசியில் சம்பளம். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் களஞ்சியத்தில் திகதி போட்டு முத்திரை குத்திய துண்டு ஒன்று தருவார்கள். டிரைவர்கள் அதைக் கொண்டுவந்து மேசையில் இரண்டாகப் பிரித்து அடுக்குவார்கள், முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம். அண்ணன் தானே பிரித்து அடுக்கினார். கினிகத்தேனைக்காரர் பழைய டயரின்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தத் துண்டை மட்டும் பாதிப் பக்கத்திலிருந்து எடுத்து முழுசுப் பக்கத்தில் வைத்தேன். அதற்குத் துணிச்சல் வர எனக்கு ஒரு வாரம் எடுத்திருந்தது.

"இதை முழுசாப் போட்டுருவோம் அண்ணே."

"ஏங்க?"

"சும்மாதான். போகட்டுமே."

"இது ஒன்னு மட்டும் ஏங்க? இந்த மாசம் மூனு இருக்கு. மூனும் அதே எடத்துல நின்னதுதான்."

அந்த ஒரு துண்டுக்கு மட்டும் முழுசு கொடுப்பது சம்பளம் ஆகாது, வாயை அடைக்கிற காசு என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அவருக்கு முன்னமே விளங்கியிருந்தது.

கினிகத்தேனைக்காரர் காலாட்டுவதை நிறுத்தினார். "அன்னிக்கு என்ன அண்ணே நடந்துச்சு?"

"ஒன்னுமில்ல. கார்டு நம்பர் வெளங்கலன்னு நிப்பாட்டிட்டாங்க. வண்டியில ஒரு ஆளு லிஃப்ட் கேட்டு ஏறியிருந்துச்சு. அதுகிட்ட கேட்டாங்க, என்னைத் தெரியுமான்னு. தெரியாதுன்னுருச்சு."

"யாரு அது? ஹட்டன் ஆளா?"

"தெரியலையே தம்பி. சிங்களம் நல்லாப் பேசுச்சு."

நான் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையை எடுத்து, அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க ஆரம்பித்தேன். எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது.

கினிகத்தேனைக்காரர் சிரித்தார். தாள் ஒட்டிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. "என்னை அந்த எடத்துல ஒரு நாளும் நிப்பாட்டினது இல்ல மொதலாளி. கை காட்டுவானுங்க, போயிருவேன். நீங்க எனக்கு முழுசுன்னு தர்றீங்களே, அதுல பாதி ஓட்டுறதுக்கு. மத்தப் பாதி என் மூஞ்சிக்கு."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எந்த வேடிக்கைக்கும் பதில் வேடிக்கை வைத்திருக்கிற நான் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்தத் துண்டை எடுத்துப் பழையபடி பாதிப் பக்கத்தில் வைத்தார். சட்டம் உங்களுடையது, இருக்கிறபடியே போடுங்கள் என்றார்.

போட்டேன். கணக்குப்பிள்ளைக்காவது மேலே கண்டாக்கு இருந்தார், கண்டாக்குக்கு மேலே துரை இருந்தார், அவர்கள் சொன்னார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு மேலே யாரும் இல்லை. நானே எழுதி, நானே முத்திரை குத்தி, நானே போட்டேன்.

அடுத்த ட்ரிப்புக்கு மறுபடியும் ஏறினேன். இந்தத் தரம் கொப்பி இல்லை. எதற்கு வருகிறேன் என்று அண்ணன் கேட்கவும் இல்லை. கினிகத்தேனையில் பிளேன்டீக்கு நான் காசு கொடுத்தேன், வடை தின்னவில்லை. அங்கிருந்து அவிசாவளை வரைக்கும் ஒரே ஒரு வசனத்தை மனதுக்குள் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இந்த லொறி என்னுடையது, கதவில் இருப்பது என் பெயர், இவர் என் டிரைவர், எனக்கு இவரைச் சின்ன வயதிலிருந்து தெரியும். முன்னர் அருவி மாதிரிக் கொட்டிய சிங்களம் இப்போது வாயில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சாவடி தெரிந்ததும் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டேன்.

சிப்பாய் லொறியைப் பார்த்தார். கொட்டாவி விட்டார். போகச் சொல்லிக் கை காட்டினார்.

"நிப்பாட்டுங்க அண்ணே."

"எதுக்குங்க?"

"நான் எறங்கிச் சொல்லணும்."

"என்னன்னுங்க?"

"நீங்க யாருன்னு."

அண்ணன் கியரை மாற்றினார். "அவங்களே போகச் சொல்றப்ப நம்மளா நிப்பாட்டக்கூடாதுங்க."

திரும்பிப் பார்த்தேன். பீப்பாய்கள் சின்னதாகிக்கொண்டே போயின. இத்தனை பாடுபட்டுக் கட்டிய வசனம் வாய்க்குள்ளேயே கிடந்தது. அண்ணன் முன்கண்ணாடியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாரா, நிலைமையைப் பார்த்துச் சிரித்தாரா என்று கேட்கத் துணிவில்லை.

பன்னிரண்டரைக்குக் களஞ்சியத்துக்கு முன்னால் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் பதினேழு லொறிகள். சும்மா இருக்க முடியாமல் எண்ணினேன். கொழும்பு வெயிலில் கெபின் வெந்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஆரம்பித்தேன். விடுங்க என்றார். இரண்டாவது தரம் ஆரம்பித்தேன், கண்ணாடியைத் துடைக்க இறங்கிப் போய்விட்டார். திரும்பி வந்ததும் வேறு கேள்வி கேட்டேன், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உங்களுக்கு எப்படிச் சம்பளம் போட்டால் சரி?

இதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. பல தரம் அந்த வரிசையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் போல.

"ஓடுறது எங்க கையில மொதலாளி. நிக்கிறது எங்க கையில இல்ல. தொழிற்சாலையில மூட்டை வர்ற வரைக்கும் நிக்கிறோம். வழியில நிக்கிறோம். இந்தா, இங்க நிக்கிறோம். நிக்கிறதுக்குக் காசை வெட்டாதீங்க. மறுநாள் எறக்குறாப்புல ஆச்சுன்னா சாப்பாட்டுக்குத் தனியாக் குடுங்க. எனக்குக் கார்டு எடுக்க ரெண்டு நாள் லீவு வேணும்."

ஒழுங்காக ஓட்டவில்லை என்று நினைத்தால் தன்னையே கேட்கச் சொன்னார், கூட வந்து கொப்பியில் எழுத வேண்டியதில்லை என்றார். கொப்பியை நான் ஒளித்து ஒளித்துத்தான் எழுதினேன் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

பழைய தாளைக் கிழித்தேன். புதிய தாளில் அவர் சொன்னதையே எழுதி ஒட்டினேன், முத்திரை குத்தவில்லை. பிந்தினாலும் முந்தினாலும் ட்ரிப் காசு முழுசு. மறுநாள் தங்கினால் சாப்பாட்டுக் காசு வேறு. அட்டை, ஆஸ்பத்திரி என்று போனால் சம்பளத்தோடு லீவு. கினிகத்தேனைக்காரர் வாசித்துவிட்டு, இனித் தானும் கித்துல்கலவில் தூங்கலாம் என்றார். யாரும் தூங்கவில்லை. அண்ணனுக்குப் புதிய அட்டை வர எட்டு மாதம் பிடித்தது. அதுவரைக்கும் அவர் பிந்திய ட்ரிப்புகள் முன்பு எத்தனையோ அத்தனைதான். லீசிங்காரர் தொடர்ந்து போன் பண்ணினார், நானும் தொடர்ந்து எழுந்து நின்றேன். அந்தப் பாதிகளை வெட்டியதால்தான் என் கம்பெனி பிழைத்துக் கிடந்தது என்று நினைத்திருந்தேனே, அது எவ்வளவு அற்பக் காசு என்பது கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ஏன் மாற்றினீர்கள் என்று கினிகத்தேனைக்காரர் கேட்டார். மனைவி சொன்னாள் என்றேன். அந்தப் பொய்யை இன்றுவரைக்கும் திருத்தவில்லை. அவர் இப்போது சொந்தமாக ஒரு லொறி வைத்திருக்கிறார், அதற்கு ஒரு டிரைவர். நிற்கிற நேரத்துக்கும் காசு கொடுக்கிறாராம். உங்கள் வீட்டில் அக்காவுக்கு நல்ல மூளை என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான் தலையாட்டுவேன்.

தாளை மாற்றிய மாதமே, அதுவரைக்கும் அண்ணனுக்கு வெட்டிய பாதிகளை எல்லாம் கூட்டிக் கொடுத்தேன். வாங்கி எண்ணினார். ஒரு ட்ரிப்புக்கு உரியதை மட்டும் தனியாக எடுத்து மேசையில் வைத்தார். எந்த ட்ரிப் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சமாதானப் பேச்சு என்று வந்தபோது அந்தச் சாவடியை எடுத்துவிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் வந்தன, போயின. அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்து, பனிமூட்டத்தில் எதிரில் வருகிற லைட் இரண்டாகத் தெரிகிறது என்று அவரே சொல்லி ஓட்டுவதை நிறுத்தினார். கடைசி நாளில் சேரவேண்டிய காசை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். எத்தனையோ வருடமாக மேசை லாச்சியில் கிடந்த அந்தப் பாதியையும் அதற்குள் செருகியிருந்தேன். மொத்தமாகக் கிடக்கும்போது தெரியாது என்று நினைப்பு.

அவர் நோட்டுகளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நிதானமாக எண்ணினார். எவ்வளவு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மிஞ்சியதைப் பிரித்தெடுத்து என் சட்டைப் பையில், முன்பு கொப்பி இருந்த பையில், செருகினார்.

நான் எப்படியோ வாயைத் திறந்து கேட்டேன். "அன்னிக்கு லிஃப்ட் கேட்டு ஏறின ஆளு இன்னும் கிடைக்கலையா அண்ணே?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "கிடைச்சா அவர்கிட்டயே வாங்கிக்கிறேன். நீங்க எதுக்குத் தம்பி குடுக்கணும்?"